சான்றிதழைச் சோதிப்பவர் யார்?



1996ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த மண்ணின் வழக்கின் வழியாக இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது. அதற்கு அடுத்த மாதம், செப்டம்பரில், ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தர அமைப்பு ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் குஜராத் உயர் நீதிமன்றம், ஆலைகளின் மாசை வெளியாள் வந்து தணிக்கை செய்யும் திட்டம் ஒன்றுக்கு உத்தரவிட்டது.

நீதிமன்றத் தீர்ப்பு, பன்னாட்டுத் தரம், தணிக்கைத் திட்டம் ஆகிய மூன்றும் ஒரே கேள்விக்கு விடை தேடின. ஆலையின் மதிலுக்குள்ளே நடப்பதை, மதிலுக்கு வெளியே இருப்பவர் எதை வைத்து நம்புவது? கிணற்று நீரைக் குடிக்கிறவருக்கும், செருப்பை வாங்கும் ஐரோப்பிய வியாபாரிக்கும், கடன் கொடுக்கும் வங்கிக்கும் இது பொதுவான கேள்வி. பல ஆண்டுகளாகத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதற்கு எனக்குப் பட்ட விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நான்கு படிகள்

முதலில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் ஊரில் ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, இருக்கிறது. அது ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பிக்கிறது. அந்தத் தரம் ஆலையிடம் கேட்பது இவ்வளவுதான்: உன் வேலையால் நீருக்கும் நிலத்துக்கும் காற்றுக்கும் என்னென்ன பாதிப்பு வருகிறது என்று பட்டியல் எடு. உனக்குப் பொருந்தும் சட்டங்கள் எவை என்று தெரிந்துகொள். குறைக்க இலக்கு வை. அளந்து பார். தவறு கண்டால் திருத்து. ஆண்டுதோறும் நிர்வாகம் உட்கார்ந்து பரிசீலிக்கட்டும். இந்தத் தரத்தில் மாசு அளவுக்கு எண் எதுவும் இல்லை. கழிவுநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுப்பது சட்டம். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இசைவாணையில்தான் அந்த எல்லைகள் இருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இரண்டாவது படி, சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம். இது பெரும்பாலும் தனியார் நிறுவனம். தணிக்கையாளர்களை அனுப்பி ஆலையைப் பார்க்கும். திருப்தி ஏற்பட்டால் மூன்று ஆண்டுக்குச் சான்றிதழ் கொடுக்கும். இடையில் ஆண்டுக்கு ஒரு முறை கண்காணிப்புத் தணிக்கை செய்யும். இந்த நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 17021 என்று தனித் தரம் இருக்கிறது.

மூன்றாவது படிதான் நம் தலைப்பு: அங்கீகாரம். சான்றிதழ் கொடுப்பவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று சோதித்து அங்கீகாரம் தரும் அமைப்பு. இந்தியாவில் இந்த வேலையை இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி என்ற வாரியம் செய்கிறது. மத்திய அரசும் தொழில்துறைக் கூட்டமைப்புகளும் சேர்ந்து 1997இல் தர கவுன்சிலை உருவாக்கின. பிரிட்டனில் யூகாஸ், ஜெர்மனியில் டாக்ஸ், இலங்கையில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இலங்கை அங்கீகார வாரியம் என்று நாட்டுக்கு நாடு இப்படி ஒன்று உண்டு.

நான்காவது படி, இந்த வாரியங்கள் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் உலக உடன்பாடு. 1993இல் தொடங்கிய பன்னாட்டு அங்கீகார மன்றம், அதாவது ஐஏஎஃப், இதை நடத்தி வந்தது. ஆய்வுக்கூடங்களுக்கான ஐலாக் அமைப்புடன் இணைந்து ஒரே உலக அமைப்பாக ஆகும் முடிவை அது எடுத்தது. சுற்றுச்சூழல் மேலாண்மைப் பிரிவில் நம் வாரியம் 2007இல் இந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ராணிப்பேட்டையில் அங்கீகாரத்தோடு வாங்கிய சான்றிதழ் ஹாம்பர்க்கிலும் செல்லுபடியாவது அதனால்தான்.

உலகம் முழுக்க 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ்கள் நடப்பில் இருந்தன. அவற்றில் பாதிக்கும் மேல் சீனாவில். இவ்வளவு பெரிய மாளிகை கடைசியில் ஒரே தூணில் நிற்கிறது. ஆலைக்குள் போகும் தணிக்கையாளர் கண்டதைக் கண்டபடி எழுதுகிறாரா என்பதுதான் அந்தத் தூண்.

பதிவேடும் ரசீதும்

ஒரு டேனரியின் சுத்திகரிப்பு நிலைய அறைக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். மேசையில் பதிவேடு இருக்கும். மணிக்கு ஒரு முறை பிஎச் அளவு, கழிவுநீர் ஓட்டம், எந்த மோட்டார் ஓடியது என்று எழுத வேண்டும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் மாதம் முழுவதும் பிஎச் 7.2 என்றே இருந்தது. பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை. நகரமே இருண்டு கிடந்த மின்தடை நாளிலும் மோட்டார் ஓடியதாக எழுதியிருந்தது. அந்த ஆலைக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தது. முந்தைய தணிக்கை அறிக்கையில் அந்தப் பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: பதிவுகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன.

நல்ல தணிக்கையாளர் பதிவேட்டோடு நிற்க மாட்டார். கணக்கு அறைக்குப் போவார். எத்தனை தோல் உள்ளே வந்தது, பேசிக் குரோமியம் சல்பேட் எத்தனை மூட்டை வாங்கினீர்கள் என்று கேட்பார். குரோமியத்தை மீட்டெடுக்க மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும். அப்படியானால் அந்த மெக்னீசியம் ஆக்சைடு வாங்கிய ரசீது எங்கே? ஆவியாக்கும் நிலையம் ஓடுவதாகச் சொல்கிறீர்கள். அதற்கேற்ற கரண்ட் பில்லும் விறகு பில்லும் எங்கே? உப்பு எத்தனை டன் சேர்ந்தது, எங்கே அடுக்கியிருக்கிறீர்கள்? அபாயக் கழிவு கும்மிடிப்பூண்டிக்குப் போன லாரிச் சீட்டு எங்கே? இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தினால் சுத்திகரிப்பு நடக்கிறது. பொருந்தாவிட்டால் கழிவு வேறு எங்கோ போகிறது. பதிவேட்டைப் பொய்யாக எழுத ஒரு பேனா போதும். பத்து வியாபாரிகளின் ரசீதையும் மின்வாரியத்தின் பில்லையும் சேர்த்துப் பொய்யாக்குவது கடினம்.

இந்தச் சோதனைக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கும் விதி இருக்கிறது. ஐஏஎஃப் வகுத்த தணிக்கை நாள் கணக்கில், தோல் பதனிடுதல் மிகச் சிக்கலான தொழில்களின் வரிசையில் வருகிறது. 86 முதல் 125 பேர் வரை வேலை செய்யும் அப்படிப்பட்ட ஆலைக்கு முதல் தணிக்கை 11 நாள். காரணம் காட்டிக் குறைத்தாலும் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது, அதாவது 7.7 நாளுக்குக் கீழே போகக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆலைக்காரர் மூன்று நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்குகிறார். குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போகிறது. விலை குறைய வேண்டுமானால் நாள் குறைய வேண்டும். நாளைக் குறைக்க ஆள் எண்ணிக்கை குறைகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கில் வராமல் போகிறார்கள். கடைசியில் இரண்டு மூன்று நாளில் தணிக்கை முடிகிறது. நாள் குறைந்தால் முதலில் கைவிடப்படுவது, நான் மேலே சொன்ன ரசீதுக் கணக்குதான்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியது அங்கீகார வாரியத்தின் வேலை. வாரியத்தின் மதிப்பீட்டாளர்கள் சான்றளிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்க் கோப்புகளைப் பார்ப்பார்கள். சில தணிக்கைகளின்போது உடன் போய், தணிக்கையாளர் எப்படி வேலை செய்கிறார் என்று கவனிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பீட்டாளர் உடன் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்று தணிக்கையாளரும் விழிப்பாக இருப்பார், ஆலையும் கழுவித் துடைத்து நிற்கும். மற்ற நாட்களில் எப்படி என்பதை அந்த ஒரு நாள் சொல்லாது.

எங்கே விட்டுப்போகிறது

2015ஆம் ஆண்டு ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் நடந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு சேமிப்புத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த டேனரிக்குள் கசடு பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். தன் கழிவைப் பொது நிலையத்துக்கு அனுப்பும் ஒவ்வோர் ஆலையின் பட்டியலிலும், அந்தக் கசடு எங்கே தேங்குகிறது, தேங்கிய இடம் தாங்குமா என்ற கேள்வி இருந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 14001 தரத்தின் 2015 பதிப்பு, பொருளின் வாழ்நாள் முழுவதையும் பார், வெளியே கொடுத்த வேலையையும் பார் என்று சொல்கிறது. குழாய் மதிலைத் தாண்டியதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கும் ஆலையும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் தணிக்கையும் இந்தத் தரத்துக்கு விரோதமானவை.

அதே 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் மரியானா நகருக்கு அருகே சமார்க்கோ நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். தோசி ஆறு கடல் வரைக்கும் சேறாக ஓடியது. சமார்க்கோ ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் பெற்ற நிறுவனம். தொழிலாளர் நலச் சான்றிதழிலும் இதே கதை உண்டு. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதற்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. சான்றிதழ் கொடுத்தது ஐரோப்பிய நிறுவனம். ஆலைக்குள் போய்ப் பார்த்தது அது அமர்த்திய உள்ளூர் துணை ஒப்பந்தக்காரர். சான்றிதழுக்கு மேலே அங்கீகாரமும் இருந்தது. அடுக்கு கூடக் கூட, பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்ந்துகொண்டே போனது. பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்தவர் எவருமில்லை.

இவற்றைச் சொல்வது, சான்றிதழே வேண்டாம் என்று சொல்வதற்காக அன்று. ஒழுங்காகச் செய்த ஆலைகளில் இந்தத் தரத்தால் தண்ணீர்ச் செலவு குறைந்ததையும், ரசாயனம் மிச்சமானதையும், தொழிலாளிக்குக் கையுறை கிடைத்ததையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் வாங்கும் முயற்சியில்தான் முதல்முறையாகத் தங்கள் ஆலைக்குள் வரும் தண்ணீரை மீட்டர் வைத்து அளந்த முதலாளிகள் இருக்கிறார்கள். ஏற்பாடு நல்லது. அதைக் காக்கும் வேலி பலமாக இல்லை.

குஜராத் காட்டிய வழி

வேலி ஏன் பலமாக இல்லை? இதற்கு நம் நாட்டிலேயே அறிவியல் முறைப்படி விடை கண்டிருக்கிறார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன குஜராத் தணிக்கைத் திட்டத்தில், ஆலையே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து ஆலையே சம்பளம் கொடுத்து வந்தது. 2009இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள், எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, அகமதாபாத், சூரத் வட்டாரங்களில் 473 ஆலைகளை வைத்துச் சோதனை நடத்தினார்கள். பாதியளவு ஆலைகளில் பழைய முறை. மற்றவற்றில் நான்கு மாற்றங்கள். தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்காது, குலுக்கல் முறையில் ஒதுக்குவார்கள். சம்பளம் பொது நிதியிலிருந்து, எல்லோருக்கும் ஒரே தொகை. தணிக்கையாளர் அளந்த இடத்தில் வேறொரு குழு திடீரென்று போய் மறுபடி அளக்கும். இரண்டாம் ஆண்டில், மறு அளவோடு பொருந்தும்படி சரியாக எழுதியவருக்கு ஊக்கத்தொகை.

முடிவு என்ன தெரியுமா? பழைய முறையில், புகைத் தூசு அளவு எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று தணிக்கையாளர்கள் எழுதியது 7 விழுக்காடு அளவீடுகளில்தான். அதே ஆலைகளில் மறுபடி அளந்தபோது 59 விழுக்காடு எல்லையைத் தாண்டியிருந்தது. பழைய முறைத் தணிக்கையாளர்கள் எழுதிய எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், சட்ட எல்லைக்குச் சற்றே கீழே வந்து குவிந்திருந்தன. புதிய முறையில் வேலை செய்தவர்கள், எல்லையைத் தாண்டிய அளவை உள்ளே இருப்பதாகப் பொய் எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. இதற்கும் மேலே ஒரு நன்மை: உண்மை எழுதப்படுகிறது என்று தெரிந்ததும் ஆலைகள் மாசையே குறைத்துக்கொண்டன.

கவனியுங்கள். இரண்டு முறைகளிலும் தணிக்கையாளர்கள் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள். படிப்பு, கருவி எல்லாம் ஒன்றுதான். அவர்களை அமர்த்தியவர் யார், கூலி கொடுத்தவர் யார், பின்னால் வந்து சரிபார்த்தவர் உண்டா என்பது மட்டும் மாறியது. உண்மையும் மாறியது. தனிமனித ஒழுக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கிடைக்காத பலன், பணம் போகும் பாதையை மாற்றியதால் கிடைத்தது. 2015இல் குஜராத் வாரியம் குலுக்கல் ஒதுக்கீட்டைத் தன் விதியாகவே ஆக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளிலும், பதிவு பெற்ற தணிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் ஆலைகளுக்கு ஒதுக்கும் ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது.

சட்டப்படியான தணிக்கை இந்தத் திசையில் நகர்ந்துவிட்டது. ஐஎஸ்ஓ 14001 போன்ற விருப்பச் சான்றிதழ்களின் உலகம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. இன்றும் ஆலையே சான்றளிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறது, பேரம் பேசுகிறது, பணம் கட்டுகிறது. அந்த நிறுவனம் அங்கீகார வாரியத்துக்குக் கட்டணம் செலுத்துகிறது. பிடிக்காத தணிக்கை அறிக்கை வந்தால் ஆலை அடுத்த நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். உலக உடன்பாடு இருப்பதால் வேறு நாட்டு வாரியத்தின் அங்கீகாரத்தை நாடும் வழியும் திறந்திருக்கிறது. அங்கீகாரத்தின் எதிர்காலம் இந்தப் பணப் பாதையை மாற்றுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இனி செய்ய வேண்டியவை

முதலாவது, ஒதுக்கீடு. சிவப்பு வகை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறித்திருக்கும் தொழில்களுக்காவது, தணிக்கைக் கட்டணம் பொது நிதிக்குப் போக வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தகுதியுள்ள ஒன்றை அந்த நிதியின் நிர்வாகம் ஒதுக்க வேண்டும். அங்கீகாரப் பட்டியலில் தோல் தொழிலுக்குத் தனிக் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டில் அங்கீகாரம் பெற்றவர் மட்டுமே வர வேண்டும். டேனரியில் ஊறவைக்கும் தொட்டிக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் வேறுபாடு தெரியாதவர் குரோமியக் கணக்கைப் பார்க்க முடியாது. சிறு டேனரிகளுக்குச் செலவு கூடுமே என்று கேட்பீர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்கள் ஏற்கெனவே செலவைப் பங்கிட்டுக்கொள்ளப் பழகியவர்கள். அதே சங்கத்தின் வழியாகத் தணிக்கைச் செலவையும் பங்கிடலாம்.

இரண்டாவது, மறு சோதனை. அங்கீகார வாரியம் தணிக்கையாளரின் அருகில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல், தணிக்கை முடிந்த ஆலைகளில் சிலவற்றுக்கு அறிவிக்காமல் போய்த் தானே அளந்து பார்க்க வேண்டும். இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு உணவுத் துறையைக் காட்டுகிறேன். எஃப்எஸ்எஸ்சி 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழில், மூன்று ஆண்டுச் சுழற்சிக்குள் ஒரு முறையாவது முன்னறிவிப்பில்லாத தணிக்கை கட்டாயம். பிஸ்கட்டுக்கு முடிவது குடிநீருக்கு ஏன் முடியாது?

மூன்றாவது, சட்டத்தோடு இணைப்பு. தோல் ஆலைகள் உட்பட மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள், கழிவு அளவைத் தொடர்ந்து காட்டும் இணையவழிக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. அந்த எண்கள் வாரியத்தின் கணினிக்குப் போகின்றன. தணிக்கையாளர் ஆலையின் பதிவேட்டை மட்டும் புரட்டாமல் அந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாரியம் ஓர் ஆலைக்கு நோட்டீஸ் அனுப்பினால், சான்றளித்தவருக்கும் அங்கீகாரம் தந்தவருக்கும் அதே நாளில் தகவல் போக வேண்டும். தொழிலிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 சான்றிதழில், பெரிய விபத்து நடந்தாலோ சட்டமீறல் ஏற்பட்டாலோ ஆலை உடனே சான்றளிப்பு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதே கடமை சுற்றுச்சூழலுக்கும் வரட்டும்.

நான்காவது, வெளிப்படைத்தன்மை. இன்று தங்க நகை வாங்கினால் அதில் பொறித்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டைக் கைபேசிச் செயலியில் தட்டி, எந்த மையம் சோதித்தது, எத்தனை காரட் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். சுற்றுச்சூழல் சான்றிதழுக்கும் 2019இல் ஐஏஎஃப் தொடங்கிய தேடல் தளம் இருக்கிறது. அதில் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். ஆலையில் என்ன குறை கண்டார்கள், எத்தனை நாள் தணிக்கை நடந்தது என்பது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எமாஸ் திட்டம் இந்த விஷயத்தில் 1990களிலேயே முன்னே போய்விட்டது. அதில் சேரும் நிறுவனம் தன் சுற்றுச்சூழல் அறிக்கையை, தகுதி பெற்ற சரிபார்ப்பாளரின் ஒப்புதலோடு பொதுமக்கள் முன் வைத்தாக வேண்டும். நம் ஊர் ஆலையின் தணிக்கைச் சுருக்கமும் தமிழில், இரண்டு பக்கத்தில், யாரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். வியாபார ரகசியம் எதுவும் அதில் தேவையில்லை. தண்ணீர் எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு திரும்பப் பயன்படுத்தினீர்கள், கசடு எங்கே போனது, தணிக்கையாளர் கண்ட குறைகள் என்ன. இவ்வளவு போதும்.

ஐந்தாவது, வரப்போகும் காலம். 2024 பிப்ரவரியில் ஐஎஸ்ஓ 14001 தரத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது. பருவநிலை மாற்றம் உன் நிறுவனத்தைப் பாதிக்குமா என்று தீர்மானி என்கிறது அது. இதைச் சடங்காக ஒரு வரி எழுதி முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதும், மீனவர் வலையும் படகும் கருத்ததும் நாம் கண்ட காட்சி. ஆற்றங்கரை டேனரிக்குப் போகும் தணிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி நேரானது: 2021இல் வந்த உயரத்துக்கு மறுபடி தண்ணீர் வந்தால் உங்கள் கழிவுத் தொட்டி எங்கே இருக்கும்? பருவநிலை சார்ந்த இன்னொரு மாற்றமும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி, முழு நடைமுறைக்கான தொடக்கம் 2026 ஜனவரி. இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றுக்கு, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் கையெழுத்தைப் பொறுத்துப் பணமே கூடும் குறையும். இதுவரை விளம்பரப் பலகையில் தொங்கிய சான்றிதழ், இனி சுங்கச் சாவடியில் எண்ணிப் பார்க்கும் காகிதமாகிறது. கையெழுத்துக்கு விலை ஏறும்போது அதை வாங்கும் ஆசையும் ஏறும். வேலியைப் பலப்படுத்த வேண்டிய நேரம் இதுதான்.

அங்கீகாரமே இல்லாத சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கட்டினால் ஆலையைப் பார்க்காமலே மூன்று நாளில் மின்னஞ்சலில் சான்றிதழ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த உலக உடன்பாட்டிலும் இல்லாத வாரியத்தின் முத்திரையும் அதில் இருக்கும். டெண்டர் போடும் அரசுத் துறைகளும் வாங்கும் கம்பெனிகளும் வெறுமனே ஐஎஸ்ஓ சான்றிதழ் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, உலக உடன்பாட்டில் உள்ள வாரியத்தின் அங்கீகாரம் பெற்றது என்று எழுதிக் கேட்டாலே இந்தக் கடைகள் பாதி மூடிவிடும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் கழிவு வழக்கில் மறுபடியும் தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேர வேண்டும், மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், பாலாற்றை மீட்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். அந்த 28 ஆண்டுகளும் ஐஎஸ்ஓ 14001 தரம் நடப்பில் இருந்த காலம். தணிக்கைகள் நடந்தன, சான்றிதழ்கள் சுவரில் தொங்கின. நிலத்தடி நீர் மீளவில்லை. இதற்கு நீதிமன்றத்தையோ ஆலைகளையோ மட்டும் குறை சொல்லி நாங்கள், தணிக்கைத் தொழிலில் இருப்பவர்கள், விலகிக்கொள்ள முடியாது.

ஆலை நடத்தும் நண்பர்களே, அடுத்த முறை கொட்டேஷன் வாங்கும்போது குறைந்த விலையைப் பார்க்காதீர்கள். எத்தனை நாள், யார் வருகிறார், தோல் தொழில் தெரிந்தவரா என்று பாருங்கள். பொறியியல் மாணவர்களே, இந்தத் தொழிலுக்கு வாருங்கள். ரசீதையும் மின் அளவையும் வைத்து ஓர் ஆலையின் உண்மையைக் கண்டுபிடிக்கும் திறமைக்கு வரும் ஆண்டுகளில் பெரும் தேவை இருக்கிறது. ஊர் மக்களே, உங்கள் பக்கத்து ஆலையின் வாசலில் சுற்றுச்சூழல் சான்றிதழ் பலகையைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: கொடுத்தவர் யார், அவருக்கு அங்கீகாரம் தந்தது எந்த வாரியம், கடைசித் தணிக்கையில் கண்ட குறைகள் என்ன? பதில் வராவிட்டால் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் அங்கீகார வாரியத்துக்கு எழுதுங்கள். புகாரை வாங்கி விசாரிப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட தரத்தின்படியே அவர்களுடைய கடமை. அந்தக் கடமையைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.